லேப் வகுப்பில் பேச எந்தப் பேப்பரை எடுப்பது, அதை எப்படிப் பேசுவது?

கேள்வி இது: “எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முதலாண்டு படிக்கிறேன். லேப் வகுப்பில் ஆளுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து 20 நிமிடம் பேச வேண்டும். மேடம் ‘உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள்’ என்று சொல்லிவிட்டார். குடல் பாக்டீரியாவுக்கும் மூளை நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு புதுப் பேப்பர் எடுத்தேன். எட்டுப் படங்கள், பாதிக்கு மேல் புரியவில்லை. பழைய பேப்பர் எடுத்தால் மதிப்பெண் குறையுமா? ஆங்கிலத்தில் பேசவும் தயக்கமாக இருக்கிறது.”

முதல் வேலையாக அந்தக் குடல் பாக்டீரியா பேப்பரைக் கீழே வையுங்கள். அது மோசமான பேப்பர் என்று சொல்லவில்லை. அந்த மாதிரிப் பேப்பர்களில் ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஆறு ஏழு சின்னப் படங்கள் இருக்கும். ஒன்றில் சீக்வென்சிங், அடுத்ததில் எலி கம்பியில் எவ்வளவு நேரம் தொங்கியது, அதற்கடுத்து மூளைத் திசுவின் ஃப்ளோரசென்ஸ் படம், கடைசியில் ரத்தத்தில் சைட்டோகைன் அளவு. நான்கு துறை ஆட்கள் நான்கைந்து வருடம் செய்த வேலை அது. 20 நிமிடத்தில் அந்த முறைகளின் பெயரை மட்டும்தான் உங்களால் சொல்ல முடியும். “எலியை ஏன் அந்த வயதில் எடுத்தார்கள்?” என்று ஒருவர் கேட்டால் அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

இதில் எனக்கு ஒரே ஒரு கருத்துதான் உண்டு, மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது. பேப்பரைத் தேடாதீர்கள், உங்களால் மூலை முடுக்கெல்லாம் விளக்க முடிகிற ஒரு படத்தைத் தேடுங்கள். அந்தப் படம் எந்தப் பேப்பரில் இருக்கிறதோ அதுதான் உங்கள் பேப்பர். மேடம் கேட்பது கட்டுரையின் சுருக்கத்தை என்று பலரும் நினைக்கிறார்கள். சுருக்கம் அப்ஸ்ட்ராக்டிலேயே இருக்கிறது, அதைப் படிக்க நீங்கள் வேண்டியதில்லை. இந்த அளவீட்டிலிருந்து அந்த முடிவுக்கு இவர்கள் எப்படி வந்தார்கள், நடுவில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா, இதைச் சொல்லத்தான் உங்களை நிற்க வைக்கிறார்கள்.

எங்கே தேடுவது? கூகுள் ஸ்காலரைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் ரெக்கார்டு நோட்டைத் திறங்கள். கையால் செய்து பார்த்த சோதனை ஒன்று பேப்பரில் வந்தால் பாதி விளக்கம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மைக்ரோபயாலஜி படிக்கிற எல்லோரும் குடல் பாக்டீரியாக்களைப் பிரித்தறிய உதவும் இம்விக் சோதனை செய்திருப்பீர்கள். அதில் கடைசி, பாக்டீரியா சிட்ரேட்டை உணவாக்க முடியுமா என்று பார்ப்பது. சிம்மன்ஸ் சிட்ரேட் அகாரில் ஈ. கோலை போட்டால் டியூப் பச்சையாகவே நிற்கும், கிளெப்சியெல்லா போட்டால் நீலமாகும். “ஈ. கோலை சிட்ரேட் நெகட்டிவ்” என்று எழுதி மேடத்திடம் கையெழுத்து வாங்கியிருப்பீர்கள். அந்த நெகட்டிவ் என்றாவது பாசிட்டிவ் ஆகுமா? ஆகியிருக்கிறது. பிளவுண்ட், போர்லண்ட், லென்ஸ்கி மூவரும் 2008இல் பிஎன்ஏஎஸ் இதழில் எழுதிய பேப்பர் அதைப் பற்றியதுதான்.

பின்னணி சுருக்கமாக: ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் ஒரே ஈ. கோலையிலிருந்து 12 ஃபிளாஸ்க்குகளைத் தொடங்கினார். தினமும் ஒவ்வொன்றிலிருந்தும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புது மீடியத்தில் போடுவார்கள். மீடியத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு 25 மில்லிகிராம்தான், சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சிட்ரேட்டோ தாராளமாக இருக்கிறது, ஆனால் ஆக்சிஜன் இருக்கும்போது ஈ. கோலையால் அதை உள்ளே இழுக்க முடியாது. சுமார் 31,500 தலைமுறை கழிந்தபோது 12இல் ஒரே ஒரு ஃபிளாஸ்க்கில் சிட்ரேட்டைத் தின்கிற வகை தோன்றியது. கொஞ்ச காலத்தில் அந்த ஃபிளாஸ்க் மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு கலங்கலானது.

ஃபிளாஸ்க் திடீரென்று கலங்கினால் லேபில் முதலில் என்ன நினைப்போம்? கன்டாமினேஷன். அவர்களும் அதையே சந்தேகித்தார்கள், அப்புறம் அந்த இனத்துக்கே உரிய அடையாளங்களைச் சோதித்து, வெளியிலிருந்து வந்ததல்ல என்று உறுதி செய்தார்கள். இந்த ஓர் இடத்தை வகுப்பில் சொன்னாலே போதும், எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏனென்றால் அது எல்லோருக்கும் தெரிந்த பயம்.

முதல் படத்தைப் பாருங்கள். கீழ் அச்சில் தலைமுறை எண், பக்க அச்சில் 420 நேனோமீட்டரில் ஓ.டி. (ஆப்டிகல் டென்சிட்டி, கல்ச்சர் எவ்வளவு கலங்கல் என்ற அளவு). ஃப்ரீசரில் வைத்திருந்த வெவ்வேறு தலைமுறை மாதிரிகளை உயிர்ப்பித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று கல்ச்சர் வளர்த்து, 24 மணி நேரம் கழித்து அளந்திருக்கிறார்கள். புள்ளிகளின் மேல் எரர் பார் இருக்கிறது. அது என்ன என்று கேட்டால் வகுப்பில் பத்தில் ஒன்பது பேர் “ஸ்டாண்டர்ட் டீவியேஷன்” என்பார்கள். கேப்ஷனைப் படித்தால் அது மூன்று அளவுகளில் குறைந்ததும் கூடியதும், அவ்வளவுதான். மூன்றே மூன்று அளவீடு இருக்கும்போது அப்படிக் காட்டுவது நேர்மையான வழி என்பது என் எண்ணம். இதைக் கவனித்துச் சொல்கிற மாணவர் கேப்ஷனைப் படித்திருக்கிறார் என்று மேடத்துக்கு உடனே தெரிந்துவிடும்.

அந்தப் பேப்பரின் உண்மையான கேள்வி இதற்கும் அடுத்தது. சிட்ரேட் தின்னும் திறன் ஓர் அபூர்வ மியூட்டேஷனால் எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாமா, அல்லது அதற்கு முன்னால் வேறு மாற்றங்கள் நடந்து தளம் தயாராக இருக்க வேண்டுமா? அவர்களிடம் 500 தலைமுறைக்கு ஒருமுறை உறைய வைத்த மாதிரிகள் இருந்தன. பழைய தலைமுறைகளிலிருந்து கிளோன்களை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். சுமார் 20,000 தலைமுறைக்குப் பிந்தைய கிளோன்களிலிருந்து மட்டும்தான் சிட்ரேட் தின்னும் வகை மறுபடி வந்தது. முன்னதாக வேறு ஏதோ மாறியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. கேள்வி, இரண்டு சாத்தியங்கள், அவற்றைப் பிரித்துக் காட்டும் சோதனை என்று மூன்றும் தனித்தனியாகத் தெரிகிற பேப்பர் இது. 20 நிமிடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

உங்கள் ரெக்கார்டில் சிட்ரேட் இல்லை, வேறு சோதனைகள்தான் என்றாலும் கவலையில்லை. பாக்டீரியாவுக்குள் ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதத்தின் ஜீனைப் புகுத்தி யூவி விளக்கில் பச்சையாக ஒளிரவைத்தீர்களா? சால்ஃபியும் மற்றவர்களும் 1994இல் சயன்ஸ் இதழில் எழுதியது சில பக்கங்கள்தான். ஜெல்லிமீனின் புரதம் ஈ. கோலையிலும் ஒரு புழுவின் நரம்புகளிலும் தானாகவே ஒளிர்கிறது, ஜெல்லிமீனிலிருந்து வேறு எதுவும் தேவையில்லை என்று காட்டிய பேப்பர். ஆன்டிபயாடிக் பிளேட் போட்டிருந்தால் ஜோஷுவா, எஸ்தர் லெடர்பெர்க் இருவரும் 1952இல் எழுதிய ரெப்ளிகா பிளேட்டிங் பேப்பர். எதிர்ப்புத் திறன் முன்பே இருந்ததா, தாக்குதலுக்குப் பிறகு வந்ததா என்பதுதான் அதன் கேள்வி. வெல்வெட் துணியை ஒரு பிளேட்டில் ஒற்றி அடுத்த பிளேட்டில் ஒற்றுவது. கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டே வகுப்பில் செய்துகாட்டலாம். லூரியா, டெல்ப்ரூக் 1943 பேப்பரும் இதே பிரச்சினையைப் பற்றியதுதான், ஆனால் அதில் கணக்கு அதிகம். பாய்சான் பரவல் என்றால் கை நடுங்காதவர்கள் எடுக்கலாம்.

பழைய பேப்பர் எடுத்தால் மதிப்பெண் குறையுமா என்று கேட்டீர்கள். “சமீபத்திய ஐந்து வருடம்” என்று மேடம் நிபந்தனை போட்டிருந்தால் குறையும், அதை முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நிபந்தனை இல்லையென்றால் குறையாது, ஒரே ஒரு கண்டிஷன். பாடப்புத்தகத்தில் இருப்பதையே திரும்பச் சொல்லக்கூடாது. பேப்பரில் இருக்கிற, ஆனால் புத்தகத்தில் விட்டுப்போனதைக் காட்ட வேண்டும். அப்படி விட்டுப்போனது ஏராளம். ஹெர்ஷி, சேஸ் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூவிலிருந்தே தெரிந்த கதைதான்: மரபுப் பொருள் புரதமா, டிஎன்ஏவா? பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான டி2 பேஜின் புரதத்தில் கதிரியக்கக் கந்தகம், டிஎன்ஏவில் கதிரியக்கப் பாஸ்பரஸ். பாக்டீரியாவில் ஒட்டவிட்டு, பிளெண்டரில் சுற்றி, சென்ட்ரிஃப்யூஜ் செய்தால் புரதம் வெளியே, டிஎன்ஏ உள்ளே. புத்தகத்துப் படத்தில் அம்புக்குறி போட்டு அவ்வளவு சுத்தமாகக் காட்டியிருப்பார்கள். 1952இல் ஜர்னல் ஆஃப் ஜெனரல் ஃபிசியாலஜியில் வந்த அசல் பேப்பரின் முதல் படம் அவ்வளவு சுத்தமில்லை. பிளெண்டர் ஓடிய நிமிடங்கள் கீழே, சதவீதம் பக்கத்தில். கந்தகத்தின் கோடு ஏறிப்போய் 75 முதல் 80 சதவீதத்தில் நின்றுவிடுகிறது, நூறைத் தொடவில்லை. பாஸ்பரஸ் கோடு பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கவில்லை. 21 முதல் 35 சதவீதம் வெளியே வந்திருக்கிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு புரதம் பாக்டீரியாவோடேயே தங்கிவிட்டது, டிஎன்ஏவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வெளியேயும் இருக்கலாம். இந்தப் படத்தை வைத்துக்கொண்டு “மரபுப் பொருள் டிஎன்ஏதான்” என்று சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா?

வகுப்பை இந்த இடத்தில் நிறுத்தி அதே கேள்வியைக் கேளுங்கள். யாராவது “மாட்டேன்” என்பார்கள். அப்புறம் அதே படத்தில் மேலே ஓடுகிற மூன்றாவது கோட்டைக் காட்டுங்கள். பேஜ் தொற்றிய பாக்டீரியாவில் எத்தனை தாக்குப்பிடித்தன என்ற கோடு அது. பிளெண்டர் ஓடி முடியும்வரை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. பாக்டீரியா உடைந்து உள்ளிருப்பது கொட்டியிருந்தால் இந்தக் கோடு விழுந்திருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் படாத கோடு அதுதான், முடிவை நம்பலாமா என்று சரிபார்க்கும் கன்ட்ரோலும் அதுதான். கந்தகமுள்ள புரதத்தில் பெரும்பகுதியைப் பிய்த்து எறிந்த பிறகும் தொற்று தொடர்ந்து நடக்கிறது என்பதையும் அதே கோடு சொல்கிறது.

மிச்சமிருந்த 20 சதவீதக் கந்தகத்துக்கு என்ன பதில்? அது வேறொரு சோதனையில் இருக்கிறது. பாக்டீரியா வெடித்து வெளிவந்த புதுப் பேஜ்களில் தாய்ப் பேஜின் கந்தகம் 1 சதவீதத்துக்கும் குறைவு, பாஸ்பரஸ் 30 சதவீதமோ அதற்கு மேலோ. தங்கிவிட்ட புரதம் அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. இப்போது வாதம் நிற்கிறது. இவ்வளவுக்கும் அவர்கள் எழுதிய முடிவு எவ்வளவு அடக்கமாக இருக்கிறது தெரியுமா: செல்லுக்குள் பேஜ் பெருகுவதில் புரதத்துக்கு அநேகமாக வேலையில்லை, டிஎன்ஏவுக்கு ஏதோ வேலை இருக்கிறது, இதற்கு மேல் இந்தச் சோதனையிலிருந்து வேதியியல் முடிவு எதையும் எடுக்கக்கூடாது. பாடப்புத்தகம் சொல்வதற்கும் பேப்பர் சொல்வதற்கும் உள்ள இந்த இடைவெளிதான் உங்கள் பேச்சு. ஏவெரி குழு 1944லேயே மரபுப் பொருள் டிஎன்ஏ என்று காட்டியிருந்தபோது பலர் ஏன் அதை ஏற்கத் தயங்கினார்கள், இதை ஏன் சீக்கிரம் ஏற்றார்கள் என்று கேள்வி நேரத்தில் ஒரு வாக்குவாதமே கிளப்பலாம். 1969 நோபல் ஹெர்ஷிக்கும் டெல்ப்ரூக்குக்கும் லூரியாவுக்கும் கிடைத்தது, மார்த்தா சேஸுக்கு இல்லை. இது உயிரியல் அல்லதான், ஆனாலும் யாராவது கேட்பார்கள்.

சிட்ரேட் பேப்பரும் ஹெர்ஷி, சேஸ் பேப்பரும் பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புதுப் பேப்பர் வேண்டுமென்றால் முதலில் அங்கேயே தேடுங்கள். ஈலைஃப் இதழில் ஒரு கூடுதல் வசதி, மதிப்பாய்வாளர்கள் எழுதிய கருத்துகளையும் சேர்த்து வெளியிடுகிறார்கள், “இந்தப் பேப்பரின் குறை என்ன?” என்ற கேள்விக்கு அதைப் படித்தாலே பாதிப் பதில் கிடைக்கும். இந்திய அறிவியல் அகாதெமியின் ஜர்னல் ஆஃப் பயோசயன்சஸும் பார்க்கலாம். கட்டணச் சுவருக்குப் பின்னால் இருப்பவற்றுக்கு, அரசு கல்லூரி அல்லது பல்கலைக்கழகமாக இருந்தால் நூலகரிடம் கேளுங்கள்: 2025 ஜனவரியிலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. பல மாணவர்களுக்கு இது வந்ததே தெரியாது. அதுவும் இல்லையென்றால் தொடர்பு ஆசிரியருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள். பெரும்பாலும் பிடிஎஃப் அனுப்பிவிடுவார்கள்.

எடுத்த பேப்பர் ஆய்வுக் கட்டுரைதானா, பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூவா என்று பாருங்கள். செய்த சோதனை முறைகளே எங்கும் இல்லையென்றால் அது பெரும்பாலும் ரிவ்யூ, மேடம் திருப்பி அனுப்புவார். பணம் வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற ஜர்னல்கள் நம் ஊரிலேயே நிறைய. இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டதாகப் போட்டிருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

அப்புறம், திரும்பப் பெறப்பட்டதா என்று கட்டாயம் பாருங்கள். பெரிய இதழில் வந்தது என்பது உத்தரவாதம் கிடையாது. கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் எடுத்த ஒரு பாக்டீரியா பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக்கை டிஎன்ஏவிலேயே சேர்த்துக்கொள்கிறது என்று 2010இல் சயன்ஸ் இதழில் வந்தது. 2012இல் அதே இதழில் இரண்டு குழுக்கள் அப்படி இல்லை என்று காட்டின. ஆனாலும் 2025 ஜூலையில்தான் சயன்ஸ் அதைத் திரும்பப் பெற்றது, ஆசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும். நடுவில் 13 வருடம் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரை இல்லாமலே அது கிடந்தது. ஆகவே முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அந்தப் பேப்பரை மேற்கோள் காட்டிய பிந்தைய பேப்பர்களின் தலைப்புகளையும் ஒரு பார்வை பாருங்கள், வெளிவந்த பேப்பர்களின் குறைகளை மற்றவர்கள் விவாதிக்கும் பப்பியர் தளத்திலும் தேடுங்கள். படங்களில் பிரச்சினை வருவது அபூர்வம் என்றும் நினைக்க வேண்டாம். பிக், காசடெவால், ஃபாங் மூவரும் 2016இல் 20,621 பேப்பர்களைக் கண்ணால் பார்த்ததில் 3.8 சதவீதத்தில் ஒரே படம் வேறு இடத்தில் திரும்ப வந்தது போன்ற கோளாறுகள் இருந்தன. புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் உள்ள பேப்பர் எடுத்தால் இரண்டு பேண்டுகள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் நல்லது. ஆர்சனிக் பேப்பரையே எடுத்து, அதை மறுத்தவற்றோடு சேர்த்துப் பேசினால் அருமையான பேச்சு. தெரியாமல் எடுத்துவிட்டுப் பாராட்டிப் பேசினால்தான் வம்பு.

படிக்கும் வரிசை பற்றி எல்லோரும் ஏதாவது சொல்வார்கள். நான் சொல்வது: அப்ஸ்ட்ராக்ட் ஒருமுறை, உடனே படங்களும் கேப்ஷன்களும். ஒவ்வொரு படத்துக்கும் “இவர்கள் எதை மாற்றினார்கள், எதை அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள்” என்று தமிழில் மூன்று வரி எழுதுங்கள். எழுத முடியாத படத்துக்கு மட்டும் மெத்தட்ஸுக்குப் போங்கள். டிஸ்கஷன் கடைசியில். முதலில் டிஸ்கஷன் படித்தால் ஆசிரியர் காட்டியதை மட்டுமே படத்தில் பார்ப்பீர்கள்.

மெத்தட்ஸில் ஒரே ஓர் எண்ணை விடாமல் துரத்துங்கள், அது ‘என்’ (n), அதாவது எத்தனை முறை செய்தார்கள் என்பது. “என் = 3” என்று போட்டிருக்கும். மூன்று நாள் தனித்தனியாக வளர்த்த மூன்று கல்ச்சரா, ஒரே கல்ச்சரிலிருந்து ஊற்றிய மூன்று பிளேட்டா? முதலாவது, சோதனை திரும்ப நடக்கிறது என்று காட்டுகிறது. இரண்டாவது, உங்கள் பிப்பெட் நன்றாக இருக்கிறது என்று மட்டும் காட்டுகிறது. எந்தப் பேப்பரிலும் கேட்கக்கூடிய, எந்தப் பேப்பரிலும் சுவையான பதில் வரக்கூடிய கேள்வி இது. எரர் பாருக்கும் அப்படியே. ஸ்டாண்டர்ட் எரர் போட்டால் கோடு குட்டையாகத் தெரியும், டீவியேஷன் போட்டால் நீளம். எது என்று கேப்ஷனில் இல்லையென்றால் அதையே குறையாகச் சொல்லலாம்.

இனி பேசுவது. 20 நிமிடத்தில் இரண்டு படம், மிஞ்சினால் மூன்று. எல்லாப் படத்தையும் காட்டியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. “மீதிப் படங்கள் இதையே வேறு வழியில் உறுதி செய்கின்றன, நேரம் கருதி விடுகிறேன்” என்று ஒரு வரி போதும். பின்னணிக்கு நாலு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். நம் செமினார்களில் வழக்கமாக நடப்பது என்ன? டிஎன்ஏ என்றால் என்ன என்பதில் தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் முன்னுரை, முக்கியப் படம் வரும்போது மேடம் கடிகாரத்தைப் பார்க்கிறார். மைக்ரோபயாலஜி வகுப்பில் ஈ. கோலை ஒரு கிராம் நெகட்டிவ் கம்பி வடிவப் பாக்டீரியம் என்று சொல்ல வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்.

படத்தைத் திரையில் போட்டதும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் அச்சுகள்: கீழே இது, பக்கத்தில் இது, அலகு இது. பிறகு ஒரு புள்ளியைத் தொட்டு, “இந்தப் புள்ளி என்றால், இந்தத் தலைமுறையின் மூன்று கல்ச்சர்களின் சராசரி” என்று சொல்லுங்கள். ஒரு புள்ளி புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பிறகு கன்ட்ரோல். அதன் பிறகுதான் முடிவு. கோடு ஏறுகிறது, இறங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரிகிறது, அதை வாயால் சொல்ல வேண்டியதில்லை. ஏறாமல் இருந்திருந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லுங்கள்.

ஸ்லைடு விஷயத்தில் பிஎச்.டி. மாணவர்கள்கூடச் செய்யும் ஒரு தப்பு, ஆறு குட்டிப் படங்கள் உள்ள முழுப் படத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரே ஸ்லைடில் ஒட்டுவது. கடைசி பெஞ்சுக்கு அது மங்கலான ஸ்டாம்ப் மாதிரி தெரியும். வேண்டிய ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்குங்கள், அச்சின் பெயரை நீங்களே பெரிய எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். ஸ்லைடின் தலைப்பில் “ரிசல்ட்ஸ்” என்று எழுதாமல் அந்தப் படம் சொல்வதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். ஃப்ளோரசென்ஸ் படம் இருந்தால் முன்னதாகவே லேப் ப்ரொஜெக்டரில் போட்டுப் பாருங்கள். லேப்டாப்பில் அழகாகத் தெரிந்த மங்கல் பச்சை, ஜன்னல் திறந்த லேபில் வெறும் கறுப்புச் சதுரமாகிவிடும். முறையை விளக்க, அனிமேஷனைவிடச் சாக்பீஸும் போர்டும் மேல். ஃபிளாஸ்க், அம்பு, பிளேட் என்று வரைந்துகொண்டே பேசும்போது உங்கள் வேகமும் கேட்பவர் வேகமும் ஒன்றாகிவிடும். கையை எங்கே வைப்பது என்ற பிரச்சினையும் தீரும்.

ஆங்கிலம். பயத்தில் முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் செய்வார்கள், நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் போயிற்று. முதல் மூன்று வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மட்டும் அப்படியே மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் இருப்பது படத்தைக் காட்டிப் பேசுவது. அதற்கு ‘இங்கே’, ‘இது’, ‘இதைவிட அது அதிகம்’ என்ற அளவு ஆங்கிலம் போதும், அது உங்களிடம் இருக்கிறது. தமிழ் கலந்து பேசலாமா என்று மேடத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பலரும் சம்மதிப்பார்கள், குறிப்பாகக் கேள்வி நேரத்தில். அறைத் தோழியிடம் ஒருமுறை முழுக்கத் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். தமிழில் சொல்ல முடியாமல் திணறுகிற இடம் உங்களுக்கு விஷயமே புரியாத இடம். அதை ஆங்கிலத்தின் மேல் பழிபோட வேண்டாம்.

ஏஐ சாட்பாட்டிடம் பேப்பரைக் கொடுத்துச் சுருக்கம் வாங்குவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் சொல்லவில்லை. தெரியாத ஒரு முறையை எளிமையாகக் கேட்டுப் புரிந்துகொள்ள நல்ல துணை. ஆனால் எண்கள், படத்தின் எண், எந்தக் கன்ட்ரோல் என்பதையெல்லாம் அது சொன்னபடி ஸ்லைடில் ஏற்றாதீர்கள். ஹெர்ஷி, சேஸ் பேப்பரைப் பற்றி பொதுவாகக் கேட்டால் பாடப்புத்தகக் கதையைத்தான் அது முதலில் சொல்லும், 20 சதவீதக் கந்தகத்தை நீங்கள்தான் படத்தில் பார்க்க வேண்டும்.

கேள்வி நேரத்தில் திரும்பத் திரும்ப வருபவை சிலதான். ஏன் இந்தப் பேப்பர், இந்தக் கன்ட்ரோல் எதற்கு, குறை என்ன, அடுத்து என்ன செய்வீர்கள். குறை என்ன என்பதற்கு “இன்னும் நிறைய மாதிரிகள் எடுத்திருக்கலாம்” என்பது பதிலே இல்லை, எந்தப் பேப்பருக்கும் அதைச் சொல்லலாம். இந்தப் பேப்பரின் முடிவை எந்த ஒரு சோதனை கவிழ்த்துவிடும் என்று யோசித்து அதைச் சொல்லுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் சுற்றி வளைக்காமல், “பேப்பரில் அது இல்லை மேடம், இப்படிச் செய்தால் தெரியலாம்” என்று ஒரு சோதனையைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் அங்கேதான் மதிப்பெண்ணைக் கூட்டுவார்கள்.

சிட்ரேட் பேப்பரை எடுப்பதாக இருந்தால் இரண்டு பேப்பர்களை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். ஒன்று, அதே குழு 2012இல் நேச்சரில் எழுதியது. சிட்ரேட்டை உள்ளே கொண்டுவரும் ஜீன் ஈ. கோலையிடம் முன்பே இருந்தது, அது இரட்டிப்பாகி, ஆக்சிஜன் இருக்கும்போதும் வேலை செய்யும் ஒரு ப்ரொமோட்டருக்கு (ஜீனை இயக்கிவைக்கும் டிஎன்ஏ பகுதி) பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது என்று அதில் இருக்கிறது. யாராவது “எந்த மியூட்டேஷன்?” என்று கேட்டே தீருவார்கள். மற்றொன்று, வான் ஹோஃப்வேகன் குழு 2016இல் ஜர்னல் ஆஃப் பாக்டீரியாலஜியில் எழுதியது. சிட்ரேட்டை மட்டுமே நம்பி வாழும்படி நேரடியாக நெருக்கினால் 31,500 தலைமுறை எல்லாம் வேண்டாம், நூறு தலைமுறைக்குள்ளேயே அந்தத் திறன் வந்துவிடுகிறது என்றார்கள். லென்ஸ்கி தரப்பு அதற்குப் பதிலும் சொன்னது. உங்கள் கடைசி ஸ்லைடில் இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எது சரி என்று வகுப்பையே கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிடக் கேள்வி நேரம் அதிலேயே ஓடிவிடும்.